14 பள்ளிகள், மூன்று வாரம், ஒரு தொழில்நுட்பத் திட்டம்: எங்கே தொடங்குவது?

புதுப்பொறுப்பு
எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடம் கணினி ஆசிரியராக இருந்தேன். போன மாதம் எங்கள் கல்வி மாவட்டத்தின் 14 பள்ளிகளுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று வாரத்தில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை நிர்வாகக் குழு முன் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை மட்டும் கிடைக்கும் சிறப்பு நிதி வந்திருக்கிறது. அதை என்ன செய்வது என்று குழுவில் பெரும்பாலானோர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள்: ஆறாம் வகுப்புக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டேப்லெட். ஏறத்தாழ 4,000 வரும். என்னிடம் அவர்கள் கேட்பது ‘எந்த மாடல் வாங்கலாம்?’ என்பது மட்டும்தான்.

என் கையில் இருப்பது: நான், இரண்டு டெக்னீஷியன்கள், யார் எப்போது நிரப்பினார்கள் என்றே தெரியாத ஓர் எக்செல் பட்டியல். 1,100 கணினிகள் இருப்பதாக அந்தப் பட்டியல் சொல்கிறது. பழைய திட்டத்தின் பிரதியும் கிடைத்தது. 60 பக்கம். முதல் 20 பக்கம் ‘21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்’ பற்றி. எது கெட்டால் யார் சரிசெய்வார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

மாதிரித் திட்டம் ஏதாவது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் எங்கே தொடங்குவது என்றாவது சொல்லுங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ்
மாதிரித் திட்டம் வேண்டாம் சார். அதைப் பார்த்துத்தான் அந்த 60 பக்கத்தையும் யாரோ எழுதியிருப்பார்கள்.

வாங்கிய நாளிலிருந்து 400ஆவது நாளை மனதில் வையுங்கள். உத்தரவாதம் முடிந்திருக்கும். திறந்துவைத்தவர் மாறியிருப்பார். திரையில் கீறல் விழுந்த டேப்லெட்டோடு ஒரு பிள்ளை ஆசிரியர் முன்னால் வந்து நிற்கும். அப்போது அந்த ஆசிரியர் யாருக்குச் சொல்வார், மாற்றுக் கருவி எந்த அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் மாடல் தானாக வரும்.

4,000 கருவிக்கு இரண்டு டெக்னீஷியன் என்கிறீர்கள். ஒரு பேச்சுக்கு, வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து பழுதாகிறது என்று வையுங்கள். 400 பழுது. பள்ளி நடக்கும் நாள் 200 என்றால், தினமும் இரண்டு. அது பிரச்சினை இல்லை, முடியும். ஆனால் 14 பள்ளிக்கும் போய்வரும் நேரத்தை இதில் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் பாஸ்வேர்டு மறந்தவர்கள், பிரிண்டர், புரொஜெக்டர்.

கம்பிவலை
நான் நெட்வொர்க் பக்கத்து ஆள். ஆகவே என் புலம்பல் கூரையிலிருந்து தொடங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பள்ளி ஒன்றில் ஆன்லைன் தேர்வு. 280 லேப்டாப். காலை 9:10க்கு முதல் மூன்று அறைகளும் இணைந்துவிட்டன. நான்காம் அறையில் வைஃபை குறி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி அறையில் ஒன்றுகூட இணையவில்லை. எல்லோரும் ஒரே குரலில் ‘நெட் ஸ்பீடு போதவில்லை’ என்றார்கள். அன்று மாலையே வேகத்தை இரட்டிப்பாக்க விலைப்புள்ளி கேட்டுக் கடிதம் போய்விட்டது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். வேகத்தில் குறையே இல்லை. இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வழங்குகிற டிஹெச்சிபி சர்வரில் மொத்தம் 254 முகவரிகள்தான். போதாக்குறைக்கு, கொடுத்த முகவரியை எட்டு நாள் வரை திரும்பக் கேட்காத அமைப்பு. விண்டோஸ் சர்வரை நிறுவி அப்படியே விட்டால் அதுதான் கணக்கு. அந்த வாரம் முழுக்க வந்துபோனவர்களின் போன்கள் எல்லாம் ஆளுக்கொரு முகவரியை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தன. எட்டு நாளை நான்கு மணி நேரமாகக் குறைத்து, முகவரி எண்ணிக்கையை 1,022 ஆக்கினேன். பத்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை. விலைப்புள்ளிக் கடிதத்தைத் திரும்பப் பெறத்தான் மூன்று வாரம் ஆனது.

ஆகவே டேப்லெட் வாங்கும் முன் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு முழு வகுப்பை உட்காரவைத்து, 40 கருவிகளில் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். வராந்தாவில் மாட்டிய ஓர் அக்செஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) நாலு வகுப்புக்குப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பக்கத்துப் பக்கத்து அறைகளில் நாலாவதை வைத்தால் அது யாரோ ஒருவர் மேல் ஏறித்தான் உட்கார வேண்டும். ஆளுக்கொரு கருவி என்றால் வகுப்புக்கு ஒரு அக்செஸ் பாயின்ட், 5 கிகாஹெர்ட்ஸில்.

இன்னொன்று. 24 போர்ட் சுவிட்ச் (அக்செஸ் பாயின்ட்களின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) என்றால் 24 போர்ட்டும் மின்சாரம் தரும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒரு போர்ட்டுக்கு 30 வாட் என்றால் மொத்தம் 720 வாட் வேண்டும். உள்ளே இருக்கும் பவர் சப்ளை 370 வாட்தான் தரும். பாதி அக்செஸ் பாயின்ட் மாட்டியதும் மீதி எரியாது. வாங்கும்போது அந்த மொத்த வாட் கணக்கைக் கேளுங்கள்.

ஐந்தாம் பீரியட்
ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு சொல்கிறேன். என் பாடவேளை 45 நிமிடம்.

டேப்லெட் வண்டி பக்கத்து வகுப்பிலிருந்து வர 3 நிமிடம். எண் பார்த்து எடுத்துக் கொடுக்க 4. லாகின் செய்ய 6, ஏனென்றால் பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்த பத்து எழுத்துப் பாஸ்வேர்டை 11 வயதுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ‘அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்’ என்று நாலு கருவியாவது சொல்லும். முடிவில் எண்ணித் திரும்ப அடுக்க 5. பதினெட்டு நிமிடம் போயிற்று. மீதி 27.

அந்த 27 நிமிடத்தில் கரும்பலகையில் முடியாத ஒன்றைச் செய்தால்தான் எனக்கு லாபம். சில பாடங்களுக்கு அப்படி இருக்கிறது. வரைபடத்தில் எண்ணை மாற்ற மாற்றக் கோடு நகர்வதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்தால், நான் மூன்று நாள் பேசுவது மிச்சம். பாடநூலின் பிடிஎஃப்பைத் திறந்து படிக்க மட்டும்தான் என்றால், மன்னிக்கவும், புத்தகத்துக்கு லாகின் தேவையில்லை.

உங்கள் திட்டத்தில் ‘ஆசிரியர் பயிற்சி: இரண்டு நாள்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் கம்பெனிக்காரர் ஸ்லைடு காட்டுவார், நாங்கள் டீ குடிப்போம். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குத் தருவதற்கு ஒரு பருவம் முன்னாடியே கருவியை ஆசிரியர் கையில் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2002இல் ஏழாம் வகுப்புக்கெல்லாம் லேப்டாப் கொடுத்தபோது ஆசிரியர்களையும் கணக்கில் சேர்த்துத்தான் தொடங்கியது.

புதுப்பொறுப்பு
நன்றி. 254 கணக்கைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. எங்கள் பள்ளிகளில் எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை.

குழுவில் ஒருவர் ‘எத்தனையோ நாடுகள் செய்துவிட்டன, நாம் மட்டும் ஏன் யோசிக்கிறோம்’ என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

நூலகத்து மூலை
நாடுகள் செய்தன, சரி. என்ன ஆயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பெரு நாடு ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தில் லட்சக்கணக்கில் வாங்கியது. அமெரிக்கக் கண்ட நாடுகளின் வளர்ச்சி வங்கி அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து ஆய்வு நடத்தி 2012இல் முடிவை வெளியிட்டது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கருவி போன அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இணைய வசதியே இல்லை.

அதே கருவியை 2007இல் உருகுவேயும் எடுத்தது. பிளான் செய்பால் என்று பெயர். அவர்கள் அதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள், பள்ளிகளுக்கு இணைப்பு கொடுத்தார்கள், பழுதுபார்க்க வழி செய்தார்கள். ஆங்கில ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளுக்கு 2012இலிருந்து வீடியோ வழியாக வேறிடத்து ஆசிரியர் பாடம் எடுத்தார், வகுப்பில் இருக்கும் ஆசிரியர் கூடவே நடத்தினார். அந்தத் திட்டம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013இல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று கிளம்பியது. கொடுத்த சில நாளிலேயே, தடுப்பு அமைப்பாக வைத்திருந்த புரொஃபைலை அழித்துவிட்டுப் பிள்ளைகள் இஷ்டப்படி உலாவினார்கள். பெரிய தொழில்நுட்ப வித்தை ஒன்றுமில்லை, செட்டிங்ஸில் போய் நீக்கியதுதான். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தமே நின்றது.

கணக்குப்பிள்ளை
நான் கொள்முதல் பக்கம். இங்கே எல்லோரும் ‘மெதுவாகப் போ’ என்கிறீர்கள். சிறப்பு நிதி என்றால் குறிப்பிட்ட தேதிக்குள் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பப் போய்விடும். ‘வருடத்துக்கு நாலில் ஒரு பங்கு கருவி வாங்கு, எல்லாம் ஒரே வருடத்தில் பழசாகாது’ என்பது புத்தகத்தில் நன்றாக இருக்கிறது. திரும்பப் போகிற பணத்தை வைத்துக்கொண்டு நாலு வருடம் எப்படி வாங்குவது?

ஸ்பேர் பார்ட்ஸ்
அதற்குத்தான் பணத்தின் ஆயுளையும் பொருளின் ஆயுளையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன். ஒருமுறை வரும் பணத்தில் 15 வருடம் உழைக்கும் பொருளை வாங்குங்கள்: சுவருக்குள் கேபிள், வகுப்புக்கு நாலு பிளக் பாயின்ட், தனி மின் லைன், எர்த்திங், சுவிட்ச் வைக்கும் பூட்டுள்ள அலமாரி. வருடா வருடம் வரும் பணத்தில் நாலு வருடம் உழைக்கும் பொருளை வாங்குங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் ஐந்தாம் வருடம் மாட்டிக்கொள்கிறார்கள். 4,000 டேப்லெட்டும் ஒரே மாதத்தில் சாகும், அப்போது சிறப்பு நிதி எதுவும் வராது.

சின்னக் கணக்கு: 65 வாட் சார்ஜர் 30 சேர்ந்த வண்டி ஒன்று 1,950 வாட் இழுக்கும். இரண்டு வண்டியை ஒரே லைனில் சொருகி டிரிப் ஆகி, ‘லேப்டாப் எல்லாம் சார்ஜ் ஏறவில்லை, தரம் சரியில்லை’ என்று எனக்குப் புகார் வந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை
நியாயம். ஆனால் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. கேபிளுக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

கம்பிவலை
:-) சர்வர் அறைக் கதவுக்கு வெட்டச் சொல்லுங்கள். நாங்கள் வெட்டியிருக்கிறோம். போட்டோகூட நன்றாக வந்தது.

கணக்குப்பிள்ளை
வாங்கும் விஷயத்தில் என் பங்குக்கு இரண்டு.

ஒன்று, கருவியின் விலைக்கு முன்னால் அதற்கு எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். குரோம்புக் லேப்டாப்களுக்குப் பத்து வருட அப்டேட் என்று கூகுள் 2023இல் அறிவித்தது. அந்தப் பத்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். ‘சலுகை விலை’ என்று வருபவற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் மூன்று நாலு வருடம் ஏற்கெனவே கழிந்திருக்கும். விண்டோஸும் அப்படித்தான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11க்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், புதிய பிராசஸர் இல்லாமல் வெளியே நின்றன. உங்கள் 1,100இல் அப்படி எத்தனை?

இரண்டு, சாஃப்ட்வேர் சந்தா. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையில் ஒரு வரி உண்டு: அமெரிக்காவில் வாங்கிய கல்வி மென்பொருள் உரிமங்களில் சராசரியாக 67 சதவீதம் பயன்படுத்தப்படவே இல்லை. நான் நம்பவில்லை. எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், நம்பினேன். வினாடி வினா நடத்த மட்டும் மூன்று செயலிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். மூன்றும் மூன்று வெவ்வேறு மாதத்தில் புதுப்பிக்க வருவதால் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை. இப்போது எல்லாச் சந்தாவும் ஒரே தேதியில் முடிகிற மாதிரி மாற்றிவிட்டேன். அன்றைக்குப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவோம். ‘இது வேண்டும்’ என்று ஓர் ஆசிரியராவது கையெழுத்துப் போடாத செயலி போய்விடும்.

தலைமை மேசை
நான் ஒரு தலைமை ஆசிரியர். இந்த இழையில் எல்லாமே மையத்திலிருந்து திட்டமிட்டால் சரியாகிவிடும் என்கிற தொனி தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் பள்ளியில் புரொஜெக்டருக்கு ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் போய்விட்டது. மைய அலுவலகத்துக்கு எழுதினேன். ‘எல்லாப் பள்ளிகளின் தேவையும் சேர்ந்த பின் மொத்தமாக’ என்று பதில் வந்தது. ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் ஓர் அறையின் புரொஜெக்டர் சும்மா தொங்கியது. கடைசியில் ஓர் ஆசிரியர் சொந்தக் காசில் வாங்கிவந்தார். முன்பு பள்ளியே சின்னச் சின்னதாக வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

சாவிக்கொத்து
ஐயா சொல்வது சரிதான், ஆனால் பள்ளியே வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் இருந்திருக்கிறேன். ஏழு பள்ளிகளில் ஒன்பது விதமான வருகைப் பதிவுச் செயலி. பள்ளி மாறிய பிள்ளையின் விவரத்தைக் கையால் அடிப்போம்.

எல்லாவற்றையும் ஒன்றாக்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். பிறந்த தேதியை ஒரு செயலி நாள்-மாதம் என்று வைத்திருந்தது, இன்னொன்று மாதம்-நாள். இறக்குமதி செய்ததும் ஒரு பங்கு பிள்ளைகள் பிழை என்று வந்தார்கள். 12ஆம் தேதிக்கு மேல் பிறந்தவர்கள், ஏனென்றால் 13ஆவது மாதம் கிடையாது. அவர்களைத் திருத்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தோம். 12ஆம் தேதிக்குள் பிறந்தவர்கள் பிழையே காட்டாமல் உள்ளே போய்விட்டார்கள், நாளும் மாதமும் இடம் மாறியபடி. ஏப்ரல் 3 மார்ச் 4 ஆனது. மூன்று மாதம் கழித்து, வயது வரம்பு இருந்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தபோதுதான் ஒரு பையனின் அப்பா வந்து கேட்டார். பிழை காட்டிய பிள்ளைகளால் எந்தத் தொல்லையும் இல்லை. காட்டாதவர்களைத் தேடத்தான் ஒரு மாதம் ஆனது.

ஆகவே ஐயாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோடு: பிள்ளையின் பெயர் எதற்குள் போகிறதோ அது மையத்தின் வேலை. கேபிள், மவுஸ், பேட்டரி பள்ளியின் வேலை, அதற்குத் தலைமை ஆசிரியர் கையில் ஒரு சின்னத் தொகை.

தலைமை மேசை
இந்தக் கோடு எனக்குச் சரி. அந்தத் தொகைக்கு மூன்று விலைப்புள்ளி கேட்காமல் இருந்தால் இன்னும் சரி.

சாவிக்கொத்து
இதோடு பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள் என்பதால்.

2022 செப்டம்பரில் ஒரு நீண்ட வார விடுமுறையில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்துக்குள் ரான்சம்வேர் கும்பல் (தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவர்கள்) புகுந்தது. மாவட்டம் பணம் தர மறுத்தது, கும்பல் தகவலை வெளியே போட்டுவிட்டது. 2024 டிசம்பரில் பள்ளி நிர்வாக மென்பொருளான பவர்ஸ்கூலில் நடந்தது இன்னும் எளிது: வாடிக்கையாளர் உதவித் தளத்துக்கான ஒரு திருட்டு லாகின், அது வழியாகப் பல மாவட்டங்களின் மாணவர் பதிவுகள். அந்த நிறுவனம் பணமும் கொடுத்தது. தகவலை அழித்துவிட்டோம் என்றார்கள் திருடியவர்கள். 2025 மே மாதம் அதே தகவலைக் காட்டி மாவட்டங்களிடம் தனித்தனியாக மிரட்டல் வந்தது. பூட்டு உங்கள் வீட்டில் நன்றாக இருந்தாலும் சாவியின் நகல் வேறொருவரிடம் இருக்கிறது.

திட்டத்தில் நான்கு வரி போதும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்று மாலைக்குள் மூடப்படும். நிர்வாகிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. பேக்கப்பில் ஒரு பிரதி நெட்வொர்க்கில் இல்லாத இடத்தில். அந்தப் பேக்கப்பிலிருந்து பருவத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். கடைசி வரியைத்தான் யாரும் செய்வதில்லை. நாங்கள் செய்து பார்த்தபோது, பதினான்கு மாதமாக வெற்றுக் கோப்புறையை ஒழுங்காக நகல் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

30 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டு மாற்று என்ற விதி இருந்தால் தூக்கிவிடுங்கள். திருடு போனதற்கு அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதே என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டே 2017இல் எழுதிவிட்டது. பிள்ளைகள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுவார்கள். ஆசிரியர்களும்.

ஒரு பெற்றோர்
நான் இந்தத் துறை இல்லை, தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது. என் மகளுக்குப் பார்வைக் குறைவு. பள்ளியில் டேப்லெட் தந்தபோது அவள்தான் ரொம்ப சந்தோஷப்பட்டாள், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று. பிள்ளைகள் விளையாடிவிடக் கூடாது என்று செட்டிங்ஸ் முழுவதையும் பூட்டிவைத்திருந்தார்கள். எழுத்தளவும் அந்தப் பூட்டுக்குள்தான். மூன்று முறை கேட்டும் ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்றார்கள். பக்கத்தில் இருப்பவள் வாசித்துக்காட்ட, இவள் கேட்டுக்கொள்வாள்.

வீட்டுக்கு அனுப்பும் கருவியில் கேமராவை வெளியிலிருந்து இயக்க முடியுமா என்றும் கேட்டேன். பதிலே வரவில்லை.

சாவிக்கொத்து
அம்மா, உங்கள் கேள்வி வெறும் பயம் இல்லை. பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டத்தின் மேல் 2010இல் இதற்காகவே வழக்கு நடந்தது. காணாமல்போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்க வைத்திருந்த மென்பொருள், பிள்ளைகளின் வீட்டுக்குள் இருந்தே படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. இழப்பீடு கொடுத்து முடித்தார்கள். என்ன பார்க்க முடியும், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பெற்றோருக்கு ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும்.

எழுத்தளவுக்குத் தனி அனுமதி கொடுப்பது பெரிய வேலையே இல்லை. கருவிகளை மையத்திலிருந்து கட்டுப்படுத்தும் நிர்வாக மென்பொருளில் இன்னொரு குழு உருவாக்கி அவளை அதில் போட்டால் முடிந்தது. செய்யாதவர்களைப் பற்றி நான் இங்கே எழுதாமல் இருப்பது நல்லது.

புதுப்பொறுப்பு
பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பள்ளி பள்ளியாக அலைந்தேன். பதினான்கில் ஒன்பதை முடித்துவிட்டேன்.

பட்டியலுக்கும் நேரில் கண்டதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு பள்ளியின் அலமாரியில் 38 டேப்லெட். பழைய திட்டத்தில் ‘பயன்பாட்டில் உள்ளவை’. எடுத்துப் பார்த்தால் ஆறேழில் பேட்டரி வீங்கித் திரை பிதுங்கி நிற்கிறது. மீதியை ஆன் செய்தால் ஐந்து வருடத்துக்கு முன் போன ஒருவரின் லாகினைக் கேட்கிறது. வேறு பள்ளிக்குத் தானமாகக் கொடுக்கலாமென்று பார்த்தால், நிர்வாக மென்பொருளிலிருந்து விடுவிக்காமல் கொடுத்தால் அங்கேயும் செங்கல்தான். அந்த வீங்கியவற்றைத் தனியே எடுத்து மின்கழிவுக்காரரிடம் சேர்ப்பதற்கே ஒரு நாள் போனது.

இன்னொரு பள்ளியில் நூலகர் மேடம் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம். தேதி, என்ன கோளாறு, யார் சொன்னது, எப்போது சரியானது, பச்சை மையில். யாரும் அவரைக் கேட்டதில்லை, அவராகவே எழுதிவந்திருக்கிறார். 12ஆம் எண் பக்கத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப: ‘காலையில் அணைந்து அணைந்து எரிகிறது. பத்து மணிக்கு மேல் சரி.’ இரண்டு முறை மதர்போர்டு மாற்றியிருக்கிறார்கள். நான் காலை ஒன்பதுக்குப் போய் உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியதும் கணினி போயிற்று. இரண்டும் ஒரே லைன்.

எங்களிடம் பழுது பதிவு செய்ய ஒரு மென்பொருள் இருக்கிறது. மூன்று வருடத்தில் மொத்தம் 41 புகார். ஆசிரியர்களிடம் கேட்டேன், ‘பதினாறு கட்டம் நிரப்ப வேண்டும் சார், அதற்கு நாங்களே தட்டிப் பார்த்துவிடுவோம்’ என்றார்கள். மேடத்தின் நோட்டில் நாலு கட்டம். ஒரு பள்ளிக்கு மட்டும் 200க்கு மேல் பதிவு.

முகவரி எண்ணிக்கை: ஒன்பதில் எட்டுப் பள்ளிகளில் 254. ஒன்றில் யாரோ புண்ணியவான் சரியாக வைத்திருக்கிறார்.

ஐந்தாம் பீரியட்
அந்த மேடத்துக்கு ஒரு சல்யூட். மென்பொருளைத் தூக்கிவிட்டு நாலு கட்டம் வையுங்கள்.

புதுப்பொறுப்பு
வைத்துவிட்டேன். கருவி எண், என்ன ஆயிற்று, எந்த அறை, யார். போனில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

நேற்றுதான் குழுக் கூட்டம். திட்டம் ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் ‘400ஆவது நாள்’ என்று தலைப்புப் போட்டு அந்த மூன்று கேள்வியையும் எழுதினேன். அப்புறம் 38 டேப்லெட்டின் போட்டோ. பேசுவதற்கு முன் அந்த வீங்கிய ஒன்றையே கொண்டுவந்து மேசையில் வைக்கலாமா என்று நினைத்தேன், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. சிறப்பு நிதியில் பெரும் பங்கு 14 பள்ளிக்கும் வயரிங், மின் லைன், அக்செஸ் பாயின்ட். டேப்லெட் மூன்று பள்ளிக்கு மட்டும் முதல் வருடம். ஆசிரியர்களுக்கு ஒரு பருவம் முன்னதாக. தலைமை ஆசிரியருக்குச் சின்னச் செலவுத் தொகை உண்டு. ஆனால் விலைப்புள்ளி இரண்டு கேட்க வேண்டுமாம், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினார்கள். எழுத்தளவு, வாசித்துக்காட்டும் வசதி, திரை நிறம் மூன்றும் எந்தக் கருவியிலும் பூட்டப்படாது என்று தனி வரி சேர்த்தேன், யாரும் எதிர்க்கவில்லை. கேமராவை வெளியிலிருந்து இயக்கும் வசதி கொள்முதல் நிபந்தனையிலேயே விலக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது டெக்னீஷியன் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். ஆகவே நான்காவது பள்ளிக்குக் கருவி போக வேண்டுமானால் அந்தப் பணியிடம் நிரம்பியிருக்க வேண்டும் என்று எழுதினேன். அந்த வரியைத்தான் அரை மணி நேரம் பேசினார்கள். இருக்கிறது, எடுக்கவில்லை. திறப்பு விழா நடக்கும், எல்லாப் பள்ளித் தலைமை ஆசிரியரும் வர வேண்டும் என்றும் தீர்மானம்.

தலைமை மேசை
விழாவுக்கு வருகிறேன். கேபிள் கொண்டுவரட்டுமா?

ஸ்பேர் பார்ட்ஸ்
நல்லது சார். மூன்று பள்ளிக்கும் ஒரே மாடலா? அப்படியென்றால் கூடுதலாக நூற்றுக்கு ஐந்து அதே மாடலில் இப்போதே வாங்கி அலமாரியில் வையுங்கள், அடுத்த வருடம் அந்த மாடல் கிடைக்காது. அப்புறம், நீண்ட விடுமுறைக்கு முன்னால் எல்லாவற்றையும் பாதி சார்ஜில் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். முழுதாகக் காலியாக்கி வைத்தால் திரும்ப எழாது, முழுச் சார்ஜில் வண்டியிலேயே சொருகி வைத்தால் உங்கள் 38 மாதிரி வீங்கும். யார் செய்வார்கள் என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

புதுப்பொறுப்பு
ஐந்து சதவீதம் சேர்த்தாயிற்று. பாதி சார்ஜ் விஷயம் திட்டத்தில் இல்லை. இன்று போய் நூலகர் மேடத்தின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். மூன்று பள்ளியில் அவர்கள் பள்ளியும் ஒன்று.